முடுக்கம் மட்டும் தெரிந்தால் சுழற்சி வேகம் தெரிந்துவிடுமா?

மூன்று சக்கரங்கள் சீராகச் சுழல்கின்றன. முதல் சக்கரத்தின் ஆரம் 10 செ.மீ., இரண்டாவதின் ஆரம் 10 மீட்டர், மூன்றாவதின் ஆரம் 1 கி.மீ. மூன்றின் விளிம்பிலும் மையத்தை நோக்கிய முடுக்கம் ஒன்றேதான்: 9.81 மீ/வி². இவற்றில் எது வேகமாகச் சுழல்கிறது?

முடுக்கம் ஒன்றாக இருப்பதால் வேகமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று சட்டெனச் சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டால் வேறு கதை. முதல் சக்கரம் நிமிடத்துக்கு 94.6 முறை சுற்றுகிறது. இரண்டாவது 9.46 முறை. மூன்றாவது ஒரு சுற்றை முடிக்கவே 63 வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் சின்னச் சக்கரம்தான் வேகமானதா? விளிம்பில் இருக்கும் ஒரு புள்ளியைப் பின்தொடர்ந்தால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதல் சக்கரத்தின் விளிம்பு வினாடிக்கு 0.99 மீட்டர் நகர்கிறது, இரண்டாவது 9.9 மீட்டர், மூன்றாவது 99 மீட்டர். ஆரம் நூறு மடங்கு கூடும்போது சுற்றும் வீதம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது, விளிம்பின் வேகமோ பத்து மடங்காகிறது.

மையநோக்கு முடுக்கத்திலிருந்து சுழற்சி வேகத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வரிக் கணக்குதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஆரம் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சரியாகப் பிடிக்காதவரை முடுக்கத்தின் மதிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை. சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்பவர்களும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முதலில், சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். மாறாத வேகத்தில் வட்டமடிக்கும் பொருளுக்கும் முடுக்கம் உண்டு, ஏனென்றால் வேகத்தின் அளவு மாறாவிட்டாலும் திசை ஒவ்வொரு கணமும் மாறுகிறது. இதைக் காட்டப் பாடப்புத்தகங்கள் வழக்கமாக இரண்டு முக்கோணங்களை வரைந்து, அவை வடிவொத்தவை என்று நிறுவும். அது சரியான வழிதான். ஆனாலும் எனக்குப் பிடித்த வழி இன்னும் நேரடியானது.

வட்டத்தின் மையத்திலிருந்து பொருள் வரைக்கும் ஓர் அம்பு வரையுங்கள். அதன் நீளம் ஆரம். பொருள் சுற்றும்போது அம்பும் சுழல்கிறது. அதன் நுனி எவ்வளவு வேகமாக நகரும்? அம்பின் நீளத்தைக் கோணத் திசைவேகத்தால், அதாவது வினாடிக்கு எவ்வளவு கோணம் சுழல்கிறது என்ற அளவால், பெருக்கினால் விடை கிடைக்கும். அதுதான் பொருளின் வேகம். இப்போது பொருளின் திசைவேகத்தையும் ஓர் அம்பாக வரைந்து, அதன் அடிப்பகுதியை ஒரு புள்ளியில் நிறுத்திவையுங்கள். பொருள் ஒரு சுற்று முடிக்கும் நேரத்தில் இந்த அம்பும் சரியாக ஒரு சுற்று சுழன்றுவிடுகிறது, நீளம் மாறாமல், அதே கோணத் திசைவேகத்தில். ஆகவே இதன் நுனி நகரும் வேகத்துக்கும் அதே விதிதான்: நீளம் பெருக்கல் கோணத் திசைவேகம். திசைவேக அம்பின் நுனி எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அதுவே முடுக்கம்.

முடுக்கம் = வேகம் × கோணத் திசைவேகம்

இந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது. வர்க்கம் எதற்காக வருகிறது என்பதை இது கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. சுழற்சியை இரட்டிப்பாக்கினால் திசைவேக அம்பு இரண்டு மடங்கு நீளமாகிறது, கூடவே இரண்டு மடங்கு விரைவாகத் திரும்பவும் செய்கிறது. இரண்டும் சேர்ந்து முடுக்கத்தை நான்கு மடங்காக்குகின்றன. வேகம் என்பது ஆரத்தைக் கோணத் திசைவேகத்தால் பெருக்கியது என்பதை இதில் போட்டால், முடுக்கம் = (வேகம்)² ÷ ஆரம் என்றும், முடுக்கம் = ஆரம் × (கோணத் திசைவேகம்)² என்றும் இரு வடிவங்கள் வருகின்றன. இவற்றைத் திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டியது கிடைக்கும்:

கோணத் திசைவேகம் = √(முடுக்கம் ÷ ஆரம்)
வேகம் = √(முடுக்கம் × ஆரம்)

ஒன்றில் ஆரத்தால் வகுக்கிறோம், மற்றொன்றில் ஆரத்தால் பெருக்குகிறோம். மூன்று சக்கரங்களின் வரிசை ஏன் தலைகீழானது என்பதற்கு விடை இதுவே.

டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இந்த உறவை 1659-லேயே கண்டுபிடித்துவிட்டார். 1673-இல் ஊசல் கடிகாரத்தைப் பற்றி அவர் வெளியிட்ட நூலின் இறுதியில் முடிவுகளை மட்டும் நிறுவல் இல்லாமல் தந்தார். முழு விளக்கமும் அவர் இறந்தபின் 1703-இல்தான் அச்சேறியது. நியூட்டன் 1660-களில் தனியாக இதே முடிவை எட்டியிருந்தார்.

ஒரு கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். சுழலும் தட்டொன்றில், மையத்திலிருந்து 12 செ.மீ. தொலைவில் உள்ள முடுக்கமானி 30 மீ/வி² காட்டுகிறது. ஆரத்தை மீட்டருக்கு மாற்றினால் 0.12. 30-ஐ 0.12-ஆல் வகுத்தால் 250. அதன் வர்க்கமூலம் 15.8. இது வினாடிக்கு இத்தனை ரேடியன் (கோணத்தை அளக்கும் அலகு) என்ற கணக்கு. ஒரு முழுச் சுற்றில் 2 பை, அதாவது 6.283 ரேடியன் இருப்பதால், 15.8-ஐ 6.283-ஆல் வகுக்க வினாடிக்கு 2.52 சுற்று. அறுபதால் பெருக்கினால் நிமிடத்துக்கு 151 சுற்று. அடிக்கடி இந்தக் கணக்கைப் போடுபவர்கள் கடைசி இரண்டு படிகளையும் சேர்த்து, வர்க்கமூலத்தை நேராக 9.55-ஆல் பெருக்கிவிடுவார்கள்.

இதில் நேரும் பிழைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. விடை சரியாகப் பத்தில் ஒன்றாக வந்தால் சென்டிமீட்டரை மீட்டருக்கு மாற்றவில்லை என்று பொருள், ஏனென்றால் நூறின் வர்க்கமூலம் பத்து. ஆறு மடங்குக்கு மேல் பெரிதாக வந்தால் ரேடியனைச் சுற்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். விடை 71 சதவீதம் மட்டும் வந்தால் ஆரத்துக்குப் பதிலாக விட்டத்தைப் போட்டிருக்கிறோம். மூன்றில் ஆபத்தானது இந்தக் கடைசிப் பிழைதான். மற்ற இரண்டும் விடையைப் பார்த்தவுடனே உறுத்தும். இது நம்பும்படியான ஓர் எண்ணைத் தந்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும்.

தாளில் இருக்கும் கணக்கு இவ்வளவே. உண்மையான கருவியை வைத்து அளக்கும்போதுதான் விஷயம் சுவையாகிறது.

இசைத்தட்டுச் சுழற்றி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல்கிறது. அதன்மேல் ஒரு ஸ்மார்ட்போனை வைத்து, முடுக்கத்தைப் பதிவுசெய்யும் செயலியைத் திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 10 செ.மீ. தொலைவில் மையநோக்கு முடுக்கம் 1.22 மீ/வி² இருக்க வேண்டும். செயலி காட்டும் மொத்த அளவோ 9.89. அதை அப்படியே சூத்திரத்தில் போட்டால் நிமிடத்துக்கு 95 சுற்று என்று வரும், உண்மையைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

காரணம், முடுக்கமானி அசையாமல் மேசைமேல் கிடக்கும்போதே 9.81 காட்டும் கருவி. மேசை அதைக் கீழிருந்து தாங்கிப் பிடிப்பதை அது மேல்நோக்கிய முடுக்கமாகவே உணர்கிறது. செயலி மூன்று அச்சுகளையும் சேர்த்துக் காட்டும் மொத்த அளவில் இந்த 9.81-உம் கலந்திருக்கும். சூத்திரத்துக்குள் போக வேண்டியது மையத்தை நோக்கிய கூறு மட்டுமே. தட்டு கிடைமட்டமாக இருந்தால் தட்டின் தளத்தில் உள்ள இரண்டு அச்சுகளின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். தட்டு வேகம் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ இருந்தால் தொடுகோட்டுத் திசையிலும் ஒரு முடுக்கம் சேரும். அதையும் பிரித்தெடுத்துவிட வேண்டும்.

அடுத்த சிக்கல் ஆரம். போனுக்குள் முடுக்கமானிச் சில்லு எந்த மூலையில் இருக்கிறது? நடுவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் சில சென்டிமீட்டர் பிசகலாம். பத்து சென்டிமீட்டர் ஆரத்தில் அது சிறிய பிசகல்ல.

இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. முடுக்கம் ஆரத்துக்கு நேர் விகிதத்தில் வளர்வதால், ஒரே சுழற்சியில் இரண்டு இடங்களில் அளந்து, முடுக்கங்களின் வேறுபாட்டை இடங்களின் வேறுபாட்டால் வகுத்தால் போதும். ஆரம் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, முதலில் 1.04 மீ/வி² வருகிறது. போனை அதே ஆரக்கோட்டில் சரியாக 5 செ.மீ. வெளியே நகர்த்தினால் 1.65 வருகிறது. வேறுபாடு 0.61. அதை 0.05-ஆல் வகுக்க 12.2. வர்க்கமூலம் 3.49, நிமிடத்துக்கு 33.4 சுற்று. சில்லு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் சுழற்சி வேகம் கிடைத்துவிட்டது. திரும்பிப் போய் 1.04-ஐ 12.2-ஆல் வகுத்தால், சில்லு முதலில் மையத்திலிருந்து 8.5 செ.மீ. தொலைவில் இருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

இன்னும் ஒரு படி போகலாம். நகர்த்துவது ஆரக்கோட்டில்தான் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. போனைத் திருப்பாமல் தட்டின்மேல் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் சரி. இரு இடங்களின் அளவுகளையும் வெக்டராக, அதாவது அச்சுக்கு அச்சு திசையோடு சேர்த்துக் கழித்து, நகர்த்திய தூரத்தால் வகுத்தால் அதே எண் வரும். சுழற்சியின் மையம் எங்கே என்பதையே அறிய வேண்டாம். ஒரு திடப்பொருளில் தெரிந்த இடைவெளியில் இரண்டு முடுக்கமானிகளைப் பொருத்தி, கைரோஸ்கோப் என்ற சுழற்சிமானி இல்லாமலே சுழற்சியை அளப்பதன் அடிப்படை இதுதான். இதற்கு ஒரு விலையும் உண்டு. அருகருகான இரண்டு எண்களைக் கழிக்கும்போது ஒவ்வொன்றின் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். அதனால் இரண்டு இடங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் வைக்க முடியுமோ அவ்வளவு வைப்பது நல்லது.

வேறொன்றையும் இந்த முறை தராது. வர்க்கத்தில் குறி தொலைந்துபோகிறது. வலமாகச் சுழன்றாலும் இடமாகச் சுழன்றாலும் மையநோக்கு முடுக்கம் ஒன்றேதான். திசை வேண்டுமென்றால் கைரோஸ்கோப்பிடம்தான் போக வேண்டும்.

நிமிர்ந்து சுழலும் சக்கரத்தில் புவியீர்ப்பு வேறுவிதமாகத் தலையிடுகிறது. விளிம்பில் இருக்கும் முடுக்கமானி கீழே வரும்போது கூடுதலாகவும் மேலே போகும்போது குறைவாகவும் காட்டும். முழுச் சுற்றுகளுக்குச் சராசரி எடுத்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, மையநோக்கு முடுக்கம் மட்டும் மிஞ்சும். அந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை நிகழ்வதால், அதன் இடைவெளியை அளந்தால் அதுவே சுற்றுக்காலம். சூத்திரம் தந்த விடையைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி வேண்டியதில்லை.

ஆய்வகங்களில் இந்தக் கணக்கு தினசரி வேலை. மாதிரிகளைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் நாம் அமைப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற எண்ணை. செய்முறைக் குறிப்போ புவியீர்ப்பைப் போல இத்தனை மடங்கு என்று, அதாவது ஜி கணக்கில் இருக்கும். 8.4 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பாகம்) 12,000 ஜி வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,300 சுற்று தேவை. அதே 11,300-ஐ 10.5 செ.மீ. ஆரமுள்ள இன்னொரு ரோட்டரில் வைத்தால் மாதிரிமேல் 15,000 ஜி விழும். ஆகவே ஒரு செய்முறையில் ரோட்டரின் பெயரோ ஆரமோ இல்லாமல் சுற்று எண்ணை மட்டும் எழுதுவது பாதித் தகவலைத் தருவதுதான். இன்னொருவர் அதைத் திரும்பச் செய்ய முடியாமல் போவதற்கு இந்த ஒரு குறையே போதும். குழாய்க்குள்ளும் முடுக்கம் ஒரே அளவாக இருப்பதில்லை. குழாயின் வாய் மையத்திலிருந்து 5 செ.மீ. தொலைவிலும் அடி 10 செ.மீ. தொலைவிலும் இருந்தால், அடியில் உள்ள துகள் வாயில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு முடுக்கத்துக்கு ஆளாகிறது. எந்த ஆரத்துக்குரிய ஜி என்று கேட்காமல் கணக்கைத் தொடங்கக் கூடாது.

விண்வெளியில் கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே முடுக்கத்தை நாமே தேர்ந்தெடுக்கிறோம்: எடையற்ற இடத்தில் மனிதர்கள் பூமியில் நிற்பது போல நிற்க வேண்டும். எவ்வளவு வேகமாகச் சுழற்ற வேண்டும்? ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபான் பிரவுன் 1952-இல் முன்வைத்த சக்கர வடிவ விண்நிலையம் 250 அடி, அதாவது சுமார் 76 மீட்டர் விட்டம் கொண்டது. நிமிடத்துக்கு மூன்று முறை சுழன்றால் விளிம்பில் பூமியின் ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கிடைக்கும். 1975-இல் நாசாவின் கோடைக்கால ஆய்வொன்றில் உருவான ஸ்டான்ஃபோர்ட் டோரஸ் வடிவமைப்பில் விட்டம் 1.8 கி.மீ. அங்கே நிமிடத்துக்கு ஒரு சுற்றே பூமியின் ஈர்ப்பைத் தந்துவிடுகிறது.

சக்கரத்தைச் சிறிதாக்கி விரைவாகச் சுழற்றினால் செலவு மிச்சம்தானே? முடுக்கத்தைப் பொறுத்தவரை சரி. ஆனால் சுழற்சி வீதம் கூடும்போது தலையைத் திருப்பினாலே உட்காதின் சமநிலை உறுப்பு குழம்பிக் குமட்டல் வருகிறது. பழக்கமில்லாதவர்களுக்கு நிமிடத்துக்கு இரண்டு சுற்று வரை பாதுகாப்பானது என்று வடிவமைப்பாளர்கள் பரவலாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வரம்புக்குள் முழு ஈர்ப்பு வேண்டுமென்றால் ஆரம் 224 மீட்டர் ஆக வேண்டும். நான்கு சுற்று வரை தாங்கலாம் என்று வைத்தால் 56 மீட்டர் போதும். வீதத்தை இரட்டித்தால் ஆரம் கால்பங்காகிறது, மறுபடியும் அதே வர்க்கம். ஆரம் 10 மீட்டர் என்று குறைத்துவிட்டால் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. 1.8 மீட்டர் உயரமுள்ளவர் நிற்கும்போது அவருடைய உச்சந்தலையில் இருக்கும் முடுக்கம் பாதத்தில் இருப்பதைவிட 18 சதவீதம் குறைவு. சுழலும் நிலையங்கள் ஓவியங்களில் எப்போதும் பிரம்மாண்டமாக இருப்பது வரைந்தவரின் ஆசையால் மட்டுமல்ல. சூத்திரமே அப்படிக் கேட்கிறது.

தானாகச் சுற்றிவரும் விண்பொருள்களுக்கு முடுக்கத்தை ஈர்ப்பே தருகிறது. தரையிலிருந்து 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் 8.69 மீ/வி². ஆரத்தைப் பூமியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும்: 6,771 கி.மீ. உயரத்தையே ஆரமாகப் போட்டுவிடுவது இங்கே வழக்கமான தவறு. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்கு 7.67 கி.மீ., ஒரு சுற்றுக்கு 92 நிமிடம். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நியூட்டன் நிலவை வைத்துச் செய்த சோதனையும் இதே கணக்குதான். நிலவு பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. ஈர்ப்பு தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது என்றால், அங்கே முடுக்கம் 9.81-இல் 3,600-இல் ஒரு பங்கு, அதாவது 0.00272 மீ/வி². இதை ஆரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்துச் சுற்றுக்காலம் கண்டால் 27.2 நாள் வருகிறது. வானத்தில் நாம் பார்க்கும் நிலவு விண்மீன்களின் பின்னணியில் ஒரு சுற்றை முடிப்பது 27.3 நாளில். தரையில் விழும் பொருளின் முடுக்கத்திலிருந்து நிலவின் மாதத்தை எட்டிவிடும் இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் வியப்பு குறைவதில்லை.

இந்தச் சூத்திரத்தின் இன்னொரு குணம், அது அளவீட்டுப் பிழையிடம் காட்டும் கருணை. வர்க்கமூலம் எடுப்பதால் முடுக்கத்தில் 10 சதவீதம் பிழை இருந்தாலும் வேகத்தில் 5 சதவீதம்தான் தெரியும். எளிதில் அளக்க முடியாத முடுக்கங்களிலிருந்தும் நம்பகமான வேகம் கிடைப்பது இதனால்தான். இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, விண்மீன்களின் இடங்களைத் துல்லியமாக அளந்த ஐரோப்பிய விண்கலமான கையாவின் அளவீடு. நம் சூரியக் குடும்பம் பால்வழி மண்டலத்தின் மையத்தைச் சுற்றிவருவதால் அதற்கும் ஒரு மையநோக்கு முடுக்கம் உண்டு. வெகு தொலைவில் உள்ள குவேசார்களின் (மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்கள்) தோற்ற இடங்கள் ஆண்டுக்காண்டு நுணுக்கமாக நகர்வதைக் கொண்டு, கையா குழுவினர் 2020-இல் அந்த முடுக்கத்தை நேரடியாக அளந்து அறிவித்தார்கள்: 2.32 × 10⁻¹⁰ மீ/வி². ஓராண்டு முழுவதும் செயல்பட்டாலும் நம் திசைவேகத்தை வினாடிக்கு 7 மில்லிமீட்டர் மட்டுமே மாற்றும் முடுக்கம் அது. பால்வழியின் மையம் சுமார் 26,700 ஒளியாண்டு, அதாவது 2.53 × 10²⁰ மீட்டர் தொலைவில் இருக்கிறது. பாதையை வட்டமென்றே எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்கு 242 கி.மீ. இந்த வேகத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 21 கோடி ஆண்டுகள். அளந்த முடுக்கத்தில் இருந்த நிச்சயமின்மை 0.16 × 10⁻¹⁰, அதாவது 7 சதவீதம். வேகத்துக்கு வரும்போது அது பாதியாகி, வினாடிக்கு 8 கி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற அளவில் நின்றுவிடுகிறது.